நண்டுப் பெட்டியும் நீல முத்திரையும்

லண்டனில் இருந்து பாரிசுக்கு மீன் அனுப்ப முன்பெல்லாம் ஒரு இன்வொய்ஸ் போதும். பின்னேரம் லொறியில் ஏற்றினால் விடிய பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பல் கடைகளில் நண்டு கிடக்கும். பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பிரெக்சிட்டால், 2020 டிசம்பர் 31 இரவோடு அந்தக் காலம் முடிந்தது. இரு தரப்புக்கும் இடையிலான வர்த்தக ஒப்பந்தமே டிசம்பர் 24ஆம் திகதிதான் கைகூடியது. நத்தாரும் நடுவில் வந்துவிட, மிஞ்சிய சில நாளில் வேலை முறையையே மாற்ற வேண்டியிருந்தது.

வரி இல்லை என்று முதலாளி சந்தோசப்பட்டார். வரி இல்லைத்தான். கடதாசிதான் வந்து குவிந்தது.

முதலாவது பிடிப்புச் சான்றிதழ். கள்ளத்தனமாகப் பிடித்த மீன் இல்லை என்று காட்டச் சொல்லி, வெளிநாடுகளிடம் ஐரோப்பிய ஒன்றியம் 2010இல் இருந்து கேட்பது. இலங்கை மீனுக்கு 2015இல் தடை விழுந்து, மறு வருசம் நீங்கியது இந்தச் சட்டத்தின் கீழ்தான். இப்போது பிரித்தானியாவும் அதே வரிசையில் நிற்கிறது. இணையத்தில் எடுக்கலாம், ஆனால் படகின் பெயர், பதிவு இலக்கம், இறக்கிய திகதி, நிறை எல்லாம் கேட்கும். டெவன் கரையில் நண்டு பிடிப்பவற்றில் சின்னப் படகுகள் நிறைய. ஒரே தட்டில் அடுக்கின பெட்டிகளில் நாலைந்து படகின் நண்டு கலந்திருக்கும். அத்தனைக்கும் தனித்தனியாகப் பதிய வேண்டும்.

அடுத்தது சுகாதாரச் சான்றிதழ். மிருக வைத்தியர் எங்கள் குளிர்க் களஞ்சியத்துக்கே வந்து, பெட்டி திறந்து பார்த்துவிட்டுத்தான் கையெழுத்து வைப்பார். கறுப்பில் அச்சடித்த கடதாசியில் கையெழுத்தும் முத்திரையும் வேறு நிறத்தில் விழவேண்டும் என்பது விதி. அதனால் நீல மை இல்லாமல் அவர் வாசல்படி ஏறுவதில்லை. பிரெஞ்சுப் பிரதி, ஆங்கிலப் பிரதி, பக்கம் பக்கமாக முத்திரை. லொறிக்குப் போட்ட சீலின் இலக்கமும் அதில் ஏறும். ஒரு பெட்டி அனுப்பினாலும் ஒரு லொறி நிறைய அனுப்பினாலும் இவ்வளவு வேலையும் இருக்கிறது. சின்ன வியாபாரியை முறித்தது இதுதான்.

சுங்கப் பத்திரம் சிக்கலில்லை, முகவர் பார்த்துக்கொள்வார். கப்பல் பிரெஞ்சுத் துறைமுகமான கலேயை நெருங்கும்போது சாரதிக்குப் பச்சை வழியா (நேரே போகலாம்), ஆரஞ்சு வழியா (சோதனைக்கு நிற்கவேண்டும்) என்று தெரிந்துவிடும். மீன் லொறி என்றால் ஆரஞ்சுதான். அங்கிருந்து பூலோன் சூர் மேர் சோதனை நிலையத்துக்குப் போகவேண்டும். ஒருமுறை எங்கள் கடதாசி எல்லாம் சரி. ஆனால் அதே லொறியில் வேறொருவர் ஏற்றிய சரக்கின் நிறை இரண்டு பத்திரத்தில் இரண்டு விதமாக இருந்தது. முழு லொறியும் மறிபட்டது. உயிர் நண்டு காத்திருக்குமா? பாரிசில் எங்களிடம் வாங்கும் அண்ணை பெட்டியைத் திறந்துவிட்டு, "தம்பி, பாதி செத்துப்போச்சு, காசைக் கழி" என்றார். கழித்தோம். அதற்குப் பிறகு, கூட ஏறும் சரக்கு யாருடையது என்று கேட்காமல் நாங்கள் எந்த லொறியிலும் ஏற்றுவதில்லை.

பிரெக்சிட்டுக்காக "எங்கள் கடல் எங்களுக்கு" என்று மேடையில் பேசியதெல்லாம் பங்கீட்டு மீன்களைப் பற்றியது, அதாவது யார் எவ்வளவு பிடிக்கலாம் என்று அளவு வைத்த மீன்கள். பிரித்தானியக் கடலில் ஐரோப்பியப் படகுகளுக்கு இருந்த பங்கில் பெறுமதிப்படி கால்வாசி, 2026க்குள் படிப்படியாக இங்கே திரும்பும் என்பதுதான் கணக்கு. நண்டுக்கும் கணவாய்க்கும் அந்தப் பங்கீடே கிடையாது. ஆகவே இவற்றைப் பிடிப்பவனுக்கு ஒரு கிலோகூட அதிகம் வரவில்லை. அவனுடைய சந்தையோ கடலுக்கு அந்தப் பக்கம். 2021 ஜனவரி 18ஆம் திகதி கடலுணவு லொறிகள் லண்டனில் பாராளுமன்றம் இருக்கும் வெஸ்ட்மின்ஸ்டர் வீதியில் எதிர்ப்புக் காட்டி வரிசையாக நின்றது சும்மா இல்லை.

2025 மே மாதம் இரு தரப்பும் மறுபடி பேசி, ஐரோப்பியப் படகுகள் பிரித்தானியக் கடலில் மீன்பிடிக்கும் அனுமதியை 2038 வரை நீட்டின. உணவுச் சோதனைகளைக் குறைக்கவும் உடன்பாடு தேடுகிறார்கள். அது சரிவந்தால் மிருக வைத்தியரின் வேலை குறையலாம். பிடிப்புச் சான்றிதழ் வேறு சட்டம். 2026 ஜனவரி 10 முதல் அதை வாங்குபவரும் ஒன்றியத்தின் கணினி முறையில் பதிய வேண்டும். நாங்கள் இங்கே தட்டுகிற படகுப் பெயர்களைப் பாரிஸ் அண்ணை இனி அங்கே பார்த்துப் பதியவேண்டும்.