அல்சூர் வீட்டில் அமைத்த டயர் மாற்றும் மேடை

என் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக்கின் பின் டயர் 120/90-17 அளவுடையது. கம்பிச் சக்கரம் என்பதால் உள்ளே ட்யூப் உண்டு. டயர் மாற்றக் கொடுத்த ஒரு கடையில் ரிம்மின் ஓரத்தைப் பல இடங்களில் கீறித் தந்த பிறகு, பெங்களூரு அல்சூரில் உள்ள எங்கள் வீட்டின் கார் நிறுத்துமிடத்திலேயே இவ்வேலையைச் செய்துகொள்ள முடிவெடுத்தேன்.

மேடைக்கு 200 லிட்டர் இரும்புப் பீப்பாய் ஒன்று போதுமானதாக இருந்தது. அதன் மேல்மூடியை வெட்டியெடுத்து, விளிம்பின் மீது நீளவாக்கில் பிளந்த ரப்பர் குழாயைப் போர்த்தினேன். சக்கரத்தைக் கிடத்தினால் டயர் பீப்பாயின் விளிம்பில் அமர, பிரேக் டிஸ்க் எதிலும் படாமல் உள்ளே தொங்குகிறது. பீப்பாய் நகராதிருக்க அடியில் இரண்டு மணல் மூட்டைகளை வைத்தேன். டயரை ரிம்மிலிருந்து நெம்பும் இரும்புப் பட்டைகளான லிவர்கள் மூன்றை ஜே.சி. ரோட்டில் வாங்கினேன், ரிம்மைக் காக்கும் பட்டைகளைப் பழைய ஆயில் டப்பாவிலிருந்து வெட்டிக்கொண்டேன்.

ரிம்மோடு ஒட்டியிருக்கும் டயர் விளிம்பைப் பிரிக்க, ஐந்தடி மரச்சட்டத்தின் ஒரு முனையைக் கீல் வைத்துத் தூணில் பொருத்தி, கீலிலிருந்து ஓரடி தள்ளி டயரை அழுத்த ஒரு குட்டைக் கட்டையைத் தொங்கவிட்டேன். மறுமுனையில் அழுத்தும் விசை கட்டையில் ஐந்து மடங்காக இறங்குகிறது என்பதைக் கணக்கிட்ட நான், அதில் நான்கு மடங்கு கீலை மேல்நோக்கி இழுக்கும் என்பதை யோசிக்கவில்லை. பிளாஸ்டிக் பிளக்கில் முடுக்கிய திருகுகள் முதல் அழுத்தலிலேயே பிடுங்கிக்கொண்டு வந்தன. 10 மி.மீ. ஆங்கர் போல்ட் போட்ட பின் கீல் அசையவில்லை.

ஆனாலும் முதல் டயரை ஏற்றும்போது ட்யூப்பை லிவருக்கும் ரிம்முக்கும் இடையே நசுக்கி ஓட்டையாக்கிவிட்டேன். தெருமுனைப் பஞ்சர் கடை அண்ணன் ட்யூப்பைப் பார்த்துவிட்டு, “பலத்தக் காட்டாதீங்க தம்பி, எதிர்ப்பக்கத்த குழிக்குள்ள இறக்குங்க” என்றார். முழு வேலையின் சூட்சுமமும் அதுதான். டயர் விளிம்பினுள் ஓடும் எஃகுக் கம்பி நீளாது. ரிம்மின் நடுவில் உள்ள பள்ளத்தின் சுற்றளவோ குறைவு. எனவே லிவர் போடும் இடத்திற்கு நேரெதிரே விளிம்பை முழங்காலால் அழுத்திப் பள்ளத்தில் இறக்கினால்தான் இந்தப் பக்கம் தளர்வு கிடைக்கிறது. அப்படி இறக்கியபோது, முன்பு முழு எடையையும் கேட்ட லிவர் ஒரு கையின் இழுப்பிற்கே இணங்கியது.

இரண்டாம் முறை புது ட்யூப்பிற்குப் பவுடர் தடவி, வடிவம் கொள்ளுமளவு மட்டும் காற்று அடித்து உள்ளே வைத்தேன். சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறியைச் சரிபார்த்து, டயரின் எடை குறைந்த இடத்தைக் காட்டும் மஞ்சள் புள்ளியை வால்வுக்கு நேராக நிறுத்தி, விளிம்பில் சோப்பு நீர் பூசி ஏற்றினேன். காற்றடித்த பின், டயரின் பக்கவாட்டில் ஓடும் மெல்லிய கோடு ரிம்மிலிருந்து சுற்றிலும் ஒரே இடைவெளியில் தெரிந்தது; டயர் சரியாக அமர்ந்ததற்கு அதுவே அடையாளம். ரிம்மில் புதிய கீறல் ஒன்றுகூட இல்லை.