ஹைப்போதிசிஸ் எழுதும் முன் அம்புக்குறிகளுக்குக் காரணம் எழுதுங்கள்

போன வாரம் என் ஆய்வேட்டுக்கான வைவா (வாய்மொழித் தேர்வு) முடிந்தது. அந்த நிம்மதி இருக்கும்போதே எழுதிவிடுகிறேன், ஏனென்றால் சினாப்சிஸ் (ஆய்வுச் சுருக்கம்) கட்டத்தில் இருக்கும் பலர் ஃபிரேம்வொர்க்கில்தான், அதாவது எது எதைப் பாதிக்கிறது என்று அம்புக்குறி போட்டுக் காட்டும் மாடல் படத்தில்தான், மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

என் தலைப்பு, சிறு கடைக்காரர்கள் யுபிஐ-யை ஏற்றுக்கொள்வது பற்றியது. புள்ளியியலில் துருவுவார்கள் என்று பயந்துபோனேன். எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வந்த தேர்வாளர்) அந்தப் பக்கமே அதிகம் போகவில்லை. மாடல் படத்தைத் திறந்து வைத்து, ஒவ்வொரு அம்புக்குறியாகத் தொட்டு, "இது ஏன் இந்தப் பக்கம் போகிறது? திருப்பிப் போட்டால் என்ன?" என்றே கேட்டார். என்னைக் காப்பாற்றியது ஒரே பழக்கம். ஹைப்போதிசிஸ் (சோதிக்கப்போகும் கருதுகோள்) எழுதும் முன், ஒவ்வொரு அம்புக்கும் "ஏனென்றால்" என்று ஒரு வாக்கியம் எழுதுவேன், அது வராத அம்பை அழித்துவிடுவேன். "முந்தைய ஆய்வுகளில் இப்படி இருக்கிறது" என்பது காரணமே இல்லை.

உதாரணத்துக்கு, டேவிஸ் 1989-ல் வெளியிட்ட டாம் (TAM, தொழில்நுட்ப ஏற்பு) மாடலில், பயன்படுத்தும் எளிமையிலிருந்து பயனுக்கு ஓர் அம்பு போகும். ஏனென்றால் கருவி சுலபமாக இருந்தால் மிச்சமாகும் உழைப்பு வேறு வேலைக்குப் போகிறது, அதே நேரத்தில் கூடுதல் வேலை நடக்கிறது. பயன் அதிகம் என்பதற்காக ஒரு கருவி சுலபமாகிவிடாது. இவ்வளவு சொன்னால் போதும், அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள்.

தியரியைத் தேர்ந்தெடுப்பதில்தான் எனக்கு நிறைய நாள் போனது. புதிய தொழில்நுட்பத்தை ஏன் ஏற்கிறார்கள் என்று விளக்கும் வெங்கடேஷ் குழுவின் 2003 யுடாட் (UTAUT) மாடல் அலுவலக ஊழியர்களை வைத்து வந்தது, 2012-ல் வந்த யுடாட்-2 நுகர்வோருக்கானது. பெட்டிக்கடைக்காரர் இரண்டுமே இல்லை, பணம் கொடுப்பவரும் அல்ல, வாங்குபவர். அதனால் யுடாட்-2-ஐ எடுத்து, அதில் உள்ள 'விலைக்கேற்ற மதிப்பு' என்ற மாறியை (variable) விட்டுவிட்டேன். 2020 ஜனவரியிலிருந்து யுபிஐ-க்கு எம்டிஆர் (கடைக்காரரிடம் பிடிக்கும் பரிவர்த்தனைக் கட்டணம்) கிடையாது, எல்லாரும் ஒரே பதில் சொல்லும் கேள்வியில் எதை அளப்பது? "சவுண்ட் பாக்ஸ் வாடகை?" என்று எக்ஸ்டர்னல் மடக்கினார். அது பெட்டிக்கான செலவு, பெட்டி இல்லாமலும் க்யூஆர் ஒட்டிப் பணம் வாங்கலாம் என்றேன், ஒப்புக்கொண்டார். சேர்த்த மாறியைவிட விட்ட மாறிக்குத்தான் கேள்வி வரும், அதற்கும் ஒரு பத்தி எழுதி வையுங்கள்.

மற்றவை சுருக்கமாக:

- "வயதுக்கும் திருப்திக்கும் தொடர்பு இல்லை" மாதிரி வரிசையாக நல் (null) ஹைப்போதிசிஸ் போட்டு கை-ஸ்கொயர் சோதனை ஓட்டுவதை விடுங்கள். எம்பிஏ ப்ராஜெக்டில் பழகிய பழக்கம் அது, அதில் தியரியே கிடையாது. வயது வேண்டுமென்றால் யுடாட் வைத்த மாதிரி மாடரேட்டராக வையுங்கள்.
- மீடியேட்டர், மாடரேட்டர் குழப்பமா? பேரன், கென்னி 1986 கட்டுரையை ஒரு தடவை நிதானமாகப் படியுங்கள். முதலாவது எதன் வழியாக விளைவு நடக்கிறது என்பது, இரண்டாவது யாருக்கு, எப்போது அது கூடும் குறையும் என்பது. மீடியேஷனைச் சோதிக்க இப்போது பூட்ஸ்ட்ராப் (கையில் உள்ள தரவிலிருந்தே திரும்பத் திரும்ப மாதிரி எடுத்துக் கணக்கிடும் முறை) கேட்பார்கள்.
- ஒரு ஹைப்போதிசிஸில் ஓர் உறவு மட்டும். "எளிமையும் நம்பிக்கையும் பாதிக்கும்" என்று எழுதினால், ஒன்று நிரூபணமாகி இன்னொன்று ஆகாதபோது என்ன எழுதுவீர்கள்?
- திசையைச் சொல்லுங்கள். கூட்டுமா குறைக்குமா என்று தெரியவில்லையென்றால் இன்னும் படிக்க வேண்டியிருக்கிறது.
- கேள்வித்தாளை இதெல்லாம் முடிந்தபிறகு தொடுங்கள். கைடு அவசரப்படுத்தினாலும் சரி, மாடல் படத்தையும் "ஏனென்றால்" வாக்கியங்களையும் ஒரே தாளில் அச்செடுத்து அவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஃபீல்டுக்குப் போங்கள்.