கடல்பாசிக்குள் ஒளித்த பிள்ளைகள்: லாகுஷில் ஒரு நாள்

லிஸ்பனிலிருந்து தெற்கே போகும் ரயிலில் ஏறி, துனெஷ் என்ற சின்ன ஸ்டேஷனில் வண்டி மாறி, லாகுஷ் போய்ச் சேர்ந்தபோது காலை பதினொரு மணி தாண்டிவிட்டது. எழுத்துக்கூட்டிப் படித்தால் லாகோஸ். ஊர்க்காரர்கள் வாயில் அது லாகுஷ். நைஜீரியாவில் இருக்கும் லாகோஸ் வேறு, அதற்குப் பெயர் வைத்ததும் போர்ச்சுகீசியர்கள்தான் என்றாலும். இது போர்ச்சுகலின் தென்கோடியில், அல்கார்வ் கடற்கரையில் இருக்கும் பழைய துறைமுக ஊர். என்னோடு இறங்கியவர்களில் பாதிப் பேர் கையில் கடற்கரைக் குடையும் துண்டும் இருந்தன. நான் வந்தது ஒரு சதுக்கத்தைப் பார்க்க.

பள்ளிக்கூட வரலாற்றுப் பாடத்தில் 'மாலுமி ஹென்றி' என்று ஒருவர் வருவார், நினைவிருக்கிறதா? புதிய கடல்வழிகளைத் தேட ஊக்கம் கொடுத்த போர்ச்சுகல் இளவரசர். அவருக்குப் பின்னால் பார்த்தலோமியோ டயஸ், அப்புறம் வாஸ்கோ ட காமா, 1498, கோழிக்கோடு. பரீட்சைக்கு அவ்வளவு போதும். அதே இளவரசர் 1444 ஆகஸ்ட் 8 அன்று இந்த ஊரில் குதிரைமேல் உட்கார்ந்து என்ன செய்துகொண்டிருந்தார் என்று எனக்கு எந்த வாத்தியாரும் சொன்னதில்லை. அவர்களுக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ரயில் நிலையம் ஆற்றுக்கு அந்தப் பக்கம். படகுத்துறை வழியாக நடந்து, சின்ன நடைபாலத்தைக் கடந்து, கரையோரமாகவே போனால் சதுக்கம் வந்துவிடுகிறது. நடுவில் இளவரசர் என்ரிக்கின் வெண்கலச் சிலை. நம் பாடத்து ஹென்றிக்குப் போர்ச்சுகீசில் அதுதான் பெயர். அவர் இறந்து 500 ஆண்டுகள் ஆனதையொட்டி 1960ல் வைத்தது. ஒரு பக்கம் சாந்தா மரியா தேவாலயம். ஒரு மூலையில், கீழே வளைவுகளோடு கூடிய சிறிய இரண்டு மாடிக் கட்டடம். அதுதான் 'மெர்காடு டி எஷ்க்ராவுஷ்', அடிமைச் சந்தை. இப்போது அருங்காட்சியகம்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வளைவுக்கு அடியில் நின்று படம் எடுத்துக்கொள்பவர்கள், இதே கற்களின்மேல்தான் மனிதர்களை விற்றார்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இந்தக் கட்டடம் 1691ல் கட்டியது. 1444ல் நடந்தது இதற்குள் இல்லை. ஊர் வாசலுக்கு வெளியே ஒரு திறந்த வெளியில், எல்லோரும் பார்க்க நடந்தது. என்னை அதிகம் தொந்தரவு செய்வது அதுதான்.

நடந்தது நமக்குத் தெரிவது, அரண்மனை வரலாற்றெழுத்தர் கோமெஷ் ஈயானெஷ் டி சுராரா 1453ல் எழுதி முடித்த கினி (மேற்கு ஆப்பிரிக்கா) நாட்டுக் குறிப்பேட்டால். அவர் இளவரசரைப் புகழ எழுதியவர். அதனாலேயே அவர் சொல்வதை நம்ப முடிகிறது. மறைக்க வேண்டும் என்றே அவருக்குத் தோன்றவில்லை.

1434ல் இந்த ஊர்க்காரரான ஜில் ஈயானெஷ் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் இருக்கும் பொஜதோர் முனையைத் தாண்டினார். அதற்குத் தெற்கே கப்பல் போகாது என்ற பயம் அதோடு போயிற்று. 1441ல் முதல் கைதிகள் வந்தார்கள், ஒரு சிலர்தான். தெற்கே போக இளவரசரின் அனுமதி வேண்டும் என்ற உரிமை 1443ல் அவர் கைக்கு வந்தது. மறு வருஷமே லான்சரோத் என்பவர் அனுமதி கேட்டு வந்து நின்றார். அவர் கடற்கொள்ளைக்காரர் இல்லை. லாகுஷில் அரசருக்கு வரி வசூலித்த தண்டல்காரர். ஊர்ப் பெரியவர்கள் சிலரைக் கூட்டுச் சேர்த்து, ஆறு காரவெல் கப்பல்களோடு கிளம்பி, இன்றைய மொரிட்டானியாவின் ஆர்கின் வளைகுடாத் தீவுகளுக்குப் போனார்.

அங்கே இருந்தவர்கள் மீன்பிடித்து வாழ்ந்த எளிய மக்கள். விடியும் நேரத்தில் லான்சரோத்தின் ஆட்கள் கூச்சலிட்டுக்கொண்டு கரையேறி ஊருக்குள் பாய்ந்தார்கள். ஊர்க்காரர்கள் சிலர் தண்ணீரில் குதித்து மூழ்கிப்போனார்கள். சிலர் குடிசைகளில் பதுங்கினார்கள். தாய்கள் சிலர் பிள்ளைகளைக் கடல்பாசிக் குவியலுக்குள் ஒளித்து வைத்தார்கள். வந்தவர்கள் பிறகு தேடி எடுத்துக்கொண்டார்கள். சுராரா இதை ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார். நான் அதைப் படித்துப் பல வருஷமாகிறது, இன்னும் அந்த வரியைத் தாண்ட முடியவில்லை.

லாகுஷில் கரை இறக்கப்பட்டவர்கள் 235 பேர். வெயில் ஏறுமுன் வேலையை முடிக்க விடியற்காலையிலேயே இறக்கினார்கள். பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் ஜனங்கள் அன்றைய வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்தார்கள். இளவரசருக்கு ஐந்தில் ஒரு பங்கு என்பதால் 235 பேரையும் ஐந்து கூட்டமாகப் பிரிக்க வேண்டும். கூட்டங்கள் சமமாக இருக்க வேண்டும். அந்தச் சமத்துக்காக அப்பாவை ஒரு பக்கமும் மகனை ஒரு பக்கமும், கணவனை ஓரிடத்திலும் மனைவியை வேறிடத்திலும் நிறுத்தினார்கள். இந்தக் கூட்டத்தில் நிறுத்திய பிள்ளை, அப்பாவைப் பார்த்ததும் எழுந்து அந்தக் கூட்டத்துக்கு ஓடியது. தாய்கள் குழந்தையை இறுக்கிக்கொண்டு தரையில் குப்புற விழுந்தார்கள். அடி தன்மேல் விழட்டும், பிள்ளையைப் பிடுங்காமல் இருந்தால் போதும் என்று. பார்த்துக்கொண்டிருந்த ஊர் ஜனங்களே கலங்கிப்போய்ச் சத்தம் போட, பங்கு பிரிக்கிறவர்களுக்கு வேலை ஓடவில்லையாம்.

சுராரா தன் கண்ணீரைப் பற்றியும் எழுதியிருக்கிறார். அதை எழுதிய அதே கைதான், இவர்களுடைய ஆன்மா கரையேறிவிட்டது, இளவரசருக்கு அதுவே பெரிய சந்தோஷம் என்றும் எழுதுகிறது. இளவரசர் பங்கு 46 பேர் என்கிறார். அவர்களைக் குதிரைமேல் இருந்தபடியே வேண்டியவர்களுக்குக் கொடுத்துவிட்டார். தண்டல்காரர் லான்சரோத்துக்கு வீரப் பட்டம் கிடைத்தது. ஒரு சிறுவன் மடத்துக்குப் போய்ப் பிற்காலத்தில் பிரான்சிஸ்கன் துறவியானான் என்று சுராரா பெருமையோடு குறிக்கிறார். அவன் பெயர் இல்லை. 235 பேரில் ஒருவர் பெயரும் இல்லை. எண்ணிக்கை மட்டும் ஒன்று குறையாமல் இருக்கிறது.

அருங்காட்சியகத்துக்குள் அரை மணி நேரம்தான் ஆகும். கீழ்த்தளத்திலிருந்து மாடிக்குப் போகும்போதே நூறு வருஷம் ஓடிவிடுகிறது. கொள்ளையாகத் தொடங்கியது சில வருஷங்களில் வியாபாரமாகிவிட்டது. ஆர்கினில் கிடங்கும் கோட்டையும் எழுந்தன. 1455ல் அந்தப் பக்கம் போன வெனிஸ் வியாபாரி கதமோஸ்தோ, ஒரு குதிரைக்குப் பத்துப் பதினைந்து ஆட்கள் என்று விலை சொல்கிறார். அதே வருஷம் போப் ஐந்தாம் நிக்கோலஸ், பிடிப்பதும் நிரந்தர அடிமையாக்குவதும் போர்ச்சுகல் அரசரின் உரிமை என்று சாசனமே எழுதிக் கொடுத்தார். மதீரா தீவில் கரும்பு, பிறகு சாவோ தோமே தீவில் கரும்பு. தோட்டம் போட்டு, ஆலை வைத்து, அடிமைகளைக் கொண்டு சர்க்கரை காய்ச்சும் முறையை அட்லாண்டிக் தீவுகளிலேயே பழகிவிட்டார்கள். அமெரிக்காவுக்கு அதை அப்படியே தூக்கிக்கொண்டு போனார்கள். 1518ல் ஸ்பெயின் அரசர் தன் அரசவைக்காரர் ஒருவருக்கு 4,000 பேரை ஆப்பிரிக்காவிலிருந்து நேராக அங்கே ஏற்றிப்போக அனுமதி கொடுத்தார். 19ஆம் நூற்றாண்டுவரை கப்பலேற்றப்பட்டவர்கள் சுமார் 1.25 கோடிப் பேர். உயிரோடு மறுகரை சேர்ந்தவர்கள் 1.07 கோடி. இந்தக் கணக்கை நடந்துகொண்டே போட்டுப் பார்த்து, நடுத்தெருவில் நின்றுவிட்டேன்.

மதியத்துக்கு மேல் நகர மதிலுக்கு வெளியே போனேன். 2009ல் அங்கே நிலத்தடி கார் நிறுத்துமிடம் கட்டத் தோண்டியபோது பழைய குப்பைமேடு ஒன்று வெளிப்பட்டது. வாலே டா கஃபாரியா, தொழுநோயாளிகள் இல்லம் இருந்த பள்ளத்தாக்கு. உடைந்த பானை, சாம்பல், மாட்டெலும்பு. அவற்றோடு 158 மனித எலும்புக்கூடுகள். ஆண், பெண், குழந்தை எல்லாரும் உண்டு. சிலரைப் புதைக்கவில்லை, வீசியிருக்கிறார்கள். சிலருடைய கைகளைக் கட்டியிருந்த அடையாளம் தெரிந்தது. பலருடைய முன்பற்கள் ஆப்பிரிக்க வழக்கப்படி ராவிக் கூர்மையாக்கப்பட்டிருந்தன. யார் வீட்டுப் பிள்ளைகள் என்று முதலில் சொன்னது அந்தப் பற்கள்தான். பிறகு மரபணு ஆய்வும் அதையே சொன்னது.

இப்போது கீழே கார்கள் நிற்கின்றன. மேலே தோட்டம், அதில் மினி கோல்ஃப். அங்கே ஒரு கல்லோ பலகையோ இருக்கும் என்று சுற்றிச் சுற்றித் தேடினேன், என் கண்ணில் எதுவும் படவில்லை. டிக்கெட் கொடுத்த பெண்ணிடம் கேட்டேன். அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது. "தெரியும், எல்லாருக்கும் தெரியும்" என்றார், குரலைத் தாழ்த்தி. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் அந்த மண்ணின்மேல் பந்து உருட்டும் யோசனை ஒருவருக்கு வந்ததும், அதற்கு இன்னொருவர் சம்மதித்ததும் தப்பு என்றே நினைக்கிறேன்.

ஆன்மாவைக் காப்பாற்றுகிறோம் என்று சொல்லிக் கொண்டுவந்தவர்களைக் குப்பையில் போட்டது லாகுஷ் மட்டுமில்லை. லிஸ்பனில் இறந்த அடிமைகளின் உடல்களை வெளியே எறிந்துவிடுவதும் நாய்கள் குதறுவதும் வழக்கமாகி, 1515ல் அரசர் மானுவல் அவற்றைப் போட ஆழமாக ஒரு கிணறு வெட்டி, சுண்ணாம்பு கொட்டச் சொன்னார். அந்தத் தெருவுக்கு இன்றும் 'கறுப்பர் கிணற்றுத் தெரு' என்றுதான் பெயர். இரண்டு நாள் முன்பு அங்கே காபி குடித்திருக்கிறேன், பெயருக்கு அர்த்தம் தெரியாமல்.

ரயிலுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. நிலையத்துக்குப் பின்னால் தொடங்கும் நீளமான கடற்கரையில் போய் உட்கார்ந்தேன். ஓதம் வடிந்துகொண்டிருந்தது. அலை விட்டுப்போன இடத்தில் பழுப்பும் பச்சையுமாகக் கடல்பாசி, ஒரு முழ உயரத்துக்குச் சுருண்டு கிடந்தது. கொஞ்சம் அள்ளிப் பார்த்தேன். ஈரமாக, வழவழவென்று, நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. விரல் இடுக்கு வழியே நழுவிக்கொண்டே இருந்தது. இதைப் போட்டு மூடினால் மூன்று வயதுப் பிள்ளையைப் படுக்க வைத்தால்தான் மறையும். அது அசையக் கூடாது, இருமக் கூடாது, அம்மாவைக் கூப்பிடக் கூடாது.