களம் காணாத மன்னரைத் தேர்வில் எழுதுவது எப்படி?

முதுகலை வரலாற்று மாதிரித் தேர்வில், இங்கிலாந்துடனான நூறாண்டுப் போரில் போர்க்கால மன்னராக பிரான்சின் ஐந்தாம் சார்லஸை மதிப்பிடச் சொன்ன வினாவுக்கு, கொஷெரல், லா ரொஷெல் என்று போர்களை ஆண்டுவாரியாக அடுக்கி நான்கு பக்கங்களை நிரப்பியிருந்தேன். பதினைந்துக்கு ஆறுதான் கிடைத்தது, ஓரத்தில் சிவப்பு மையில், "அரசர் எங்கே?" என்று இருந்தது. நியாயமான கேள்விதான், 1356-இல் புவாத்தியே களத்திலிருந்து இளவரசராக விலகியவர், 1364 முதல் 1380 வரை ஆண்டபோது எந்தப் படைக்கும் தலைமையேற்றுச் செல்லவில்லை.

ஆகவே, 1360-ஆம் ஆண்டின் பிரெத்தினி உடன்படிக்கையிலிருந்து தொடங்கிப் படியுங்கள். புவாத்தியேயில் சிறைப்பட்ட தந்தை இரண்டாம் ஜானை மீட்க முப்பது லட்சம் எக்கூ பொற்காசுகளும், தென்மேற்கு பிரான்சின் விரிந்த அக்கித்தேன் பகுதியும் இங்கிலாந்துக்கு என்று முடிவானது. ஆனால் அக்கித்தேன் மீதான மேலதிகாரத்தை பிரான்சும், பிரெஞ்சு முடியுரிமையை இங்கிலாந்து மன்னர் மூன்றாம் எட்வர்டும் கைவிடும் பிரிவு, அதே ஆண்டு கலேயில் தனி ஆவணமாகப் பிரிக்கப்பட்டு, கடைசிவரை நிறைவேறாமலே போயிற்று. நான் முதலில் ஒரு வரியில் கடந்துவிட்ட இந்த இடம்தான் விடையின் உயிர்நாடி. 1368-இல் எட்வர்டின் மகனும் அக்கித்தேனை ஆண்டவருமான கருப்பு இளவரசர் விதித்த அடுப்பு வரியை (வீட்டுக்கு வீடு வசூலிக்கும் வரி) எதிர்த்து ஆர்மனியாக், அல்பிரே பிரபுக்கள் முறையிட்டபோது, கைவிடப்படாத அந்த மேலதிகாரத்தின் பேரில், சட்ட வல்லுநர்களைக் கலந்து அதை ஏற்ற சார்லஸ், இளவரசருக்கே பாரிஸ் நீதிமன்றத்துக்கு அழைப்பாணை அனுப்பினார். 1369-இல் போர் மீண்டும் மூண்டது.

அடுத்தது பணம். தந்தையின் மீட்புத் தொகைக்காக விதிக்கப்பட்ட உப்பு வரியும் விற்பனை வரியும், தந்தை 1364-இல் இறந்த பின்னும் தொடர்ந்து, படைகளுக்குச் சம்பளமாயின. தளபதி தூ கெக்லானைப் பற்றி ஒரு பத்தி போதும். அவருடைய வீரக்கதைகள் சுவையானவை என்பதாலேயே நேரத்தை விழுங்கிவிடும்.

1373-ஆம் ஆண்டுப் படையெடுப்பை மட்டும் வெள்ளைத்தாளில் பென்சிலால் வரைந்து பாருங்கள். எட்வர்டின் இன்னொரு மகன் ஜான் ஆஃப் கான்ட் கலேயிலிருந்து துருவா, ஓவெர்ன் வழியாக போர்தோ வரை படையை நடத்தினார். நேருக்கு நேர் பெரும்போர் கூடாதென்று சார்லஸ் தடுத்திருந்ததால் நகரங்கள் கதவடைத்துக்கொண்டன, குதிரைகள் வழியிலேயே மடிந்தன. 1375-இல் புரூஜ் போர்நிறுத்தம் வந்தபோது கலே, போர்தோ, பயோன் போன்ற சில இடங்களே ஆங்கிலேயரிடம் எஞ்சியிருந்தன.

குறையையும் எழுதுங்கள். 1380-இல் மரணப்படுக்கையில் தம் நாட்டு அடுப்பு வரியை ரத்து செய்தவர், பதினொரு வயது மகனிடம் முடியை விட்டுச் சென்றார். மற்ற வரிகளை எதிர்த்து 1382-இல் ரூவானிலும் பாரிஸிலும் கலகம் வெடித்ததை அடுத்த மாதிரித் தேர்வில் இரண்டு வரிகளில் சேர்த்தபோது, அதே சிவப்பு மையில் ஒரு 'சரி' குறி கிடைத்தது.