நெய்யரியின் நாட்குறிப்பு

ஜூன் 2

நேற்றிரவு கையும் களவுமாகப் பிடிபட்டேன். மகளுக்கு வழக்கமாகச் சொல்லும் நரிக் கதை. நரி மூன்று வீட்டுக் கதவைத் தட்டும், மூன்றிலும் ஒரே பதில் வரும், நாலாவது வீட்டில்தான் விஷயமே. எனக்குக் கண் சொக்கியது. இரண்டாவது கதவிலிருந்து நேராக நாலாவதுக்குத் தாவிவிட்டேன்.

“அம்மா, இன்னொரு வீடு இருக்கு.”

“அங்கேயும் அதேதானே சொல்வாங்க?”

“பரவாயில்லை, சொல்லு.”

காலையிலிருந்து இது உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஒரே சொல் பக்கத்தில் இரண்டு முறை வந்தாலே அடித்துத் திருத்துகிற ஆள் நான். ஆறு வயதுக்காரிக்கோ மூன்றாவது கதவு வேண்டியிருக்கிறது. மொழியைப் பற்றியும் கதை சொல்வதைப் பற்றியும் வாங்கி வைத்த புத்தகங்கள் அலமாரியில் ஒரு வரிசை நிற்கின்றன. பாதி வாங்கியதோடு சரி. இந்த மாதம் அவற்றிடம் இதைக் கேட்டுப் பார்க்கலாம் என்று இருக்கிறேன்.

ஜூன் 4

நன்னூலில் தொடங்கினேன். 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பவணந்தி முனிவர் எழுதியது. இலக்கணத்துக்குள் நுழையும் முன் பாயிரம் என்று ஒரு பகுதி வரும். நூல் எப்படி இருக்க வேண்டும், சொல்லித் தருபவர் எப்படி, கேட்பவர் எப்படி என்று அதில் வரிசையாகச் சொல்லிக்கொண்டு போகிறார். தேர்வுக்கு மனப்பாடம் செய்தபோது இதெல்லாம் இவ்வளவு குறும்பாக இருக்கும் என்று தெரியவில்லை.

பத்துக் குற்றங்களில் மூன்றாவது ‘கூறியது கூறல்’. மகளின் வழக்கு தள்ளுபடி என்று சிரித்துக்கொண்டேன். எனக்குப் பிடித்த குற்றம் ஒன்பதாவது: ‘சென்று தேய்ந்து இறுதல்’. ஜோராகத் தொடங்கி, போகப் போக மெலிந்து, எங்கோ ஓரிடத்தில் நின்றுவிடுவது. என் பழைய நாட்குறிப்புகள் எல்லாவற்றுக்கும் இதையே தலைப்பாக வைக்கலாம்.

மாணவர்களை அவர் பிரிக்கிற விதம் இன்னும் கூர்மை. அன்னமும் பசுவும் முதல் தரம். மண்ணும் கிளியும் நடுத்தரம். கடைசி வரிசையில் ஓட்டைக் குடம், ஆடு, எருமை, நெய்யரி. ஆடு ஒரு செடியிலும் நிலைக்காமல் ஒவ்வொன்றிலும் ஒரு வாய் கடித்துவிட்டுப் போகும். நெய்யரி, அதாவது நெய்யை வடிகட்டுகிற அரிப்பு, நெய்யைக் கீழே விட்டுவிட்டுக் கசடைப் பிடித்து வைத்துக்கொள்ளும். படித்ததில் முக்கியமானது போய், வேண்டாததே நினைவில் தங்குகிற என் போன்றவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

ஜூன் 5

மேசைமேல் நாலு புத்தகங்கள் குப்புறக் கிடக்கின்றன. நெய்யரி மட்டுமல்ல, ஆடும்தான்.

ஜூன் 8

ஆல்பர்ட் லார்டின் ‘தி சிங்கர் ஆஃப் டேல்ஸ்’ (1960). இரண்டு நாளாக வேறெதையும் தொடவில்லை. ஆடு ஒரு செடியிலேயே நின்றுவிட்டது.

கதை லார்டின் ஆசிரியர் மில்மன் பாரியிடம் தொடங்குகிறது. ஹோமரின் காவியங்களில் ஒரே அடைமொழிகளும் ஒரே தொடர்களும் திரும்பத் திரும்ப வருவது ஏன் என்பதுதான் பாரியின் கேள்வி. அது கவிஞரின் சோம்பல் அல்ல. எழுத்தில்லாமல் பாடும்போதே காவியத்தைக் கட்டுகிறவனுக்கு அந்தத் தொடர்கள்தான் செங்கல் என்பது அவர் ஊகம். அதைச் சோதிக்க, உயிரோடு பாடிக்கொண்டிருந்த பாடகர்களைத் தேடி 1933-35இல் யூகோஸ்லாவியாவுக்குப் போனார். அலுமினியத் தகடுகளில் பாடல்களைப் பதிவு செய்தார். 1935 டிசம்பரில், 33 வயதில், இறந்துபோனார். கூடப் போன மாணவர் லார்ட்தான் கால் நூற்றாண்டு கழித்து இந்தப் புத்தகத்தை முடித்தார்.

அதில் அவ்தோ மெஜெதோவிச் என்று ஒரு பாடகர் வருகிறார். எழுதப் படிக்கத் தெரியாதவர், இறைச்சி வெட்டுவது தொழில். அவரிடமிருந்து எழுதிக்கொண்ட ஒரு பாட்டு 12,311 அடி. இன்னொரு சம்பவம்தான் என்னை உட்கார வைத்தது. வேறொரு பாடகர் 2,294 அடியில் ஒரு பாட்டுப் பாடுகிறார். அவ்தோ அதற்கு முன் அதைக் கேட்டதில்லை. கேட்டு முடித்துவிட்டு அதே கதையைத் தானும் பாடுகிறார். 6,313 அடி! கூடுதலாக வந்த அலங்காரமும் பாத்திரங்களின் மன உணர்வும் அவருடைய சேர்ப்பு.

மற்றொரு பாடகரோ தான் கேட்ட பாட்டை சொல்லுக்குச் சொல் மாறாமல் பாடுவதாகச் சாதிக்கிறார். பதிவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அப்படி இல்லை. அவர் பொய் சொல்லவில்லை என்கிறார் லார்ட். தாளைப் பார்த்தே பழகிய நமக்குச் ‘சொல்’ என்றால் இடைவெளிக்கு நடுவே நிற்கும் எழுத்துக்கூட்டம். அவருக்கு அது அப்படி இல்லை. நமக்கு வேறாகத் தெரியும் இரண்டு பாட்டு அவருக்கு ஒரே பாட்டு.

ஜூன் 9

சோதித்தேன். நரியை ‘தந்திரக்கார நரி’ என்பதற்குப் பதில் ‘பொல்லாத நரி’ ஆக்கினேன். கதவு தட்டும் சத்தத்தை மாற்றினேன். வீட்டுக்காரர் பதிலைக்கூட வேறு சொற்களில் சொன்னேன். மகள் ஒன்றும் சொல்லவில்லை. கதை முடிந்ததும் கேட்டேன்: “இன்னிக்குச் சொன்னது நேத்துச் சொன்ன மாதிரிதானா?”

“அதே மாதிரிதான்.”

கதவு மூன்றும் இருந்தனவே.

ஜூன் 12

ஃபார்ஸ்டரின் ‘ஆஸ்பெக்ட்ஸ் ஆஃப் தி நாவல்’ (1927), கேம்பிரிட்ஜில் ஆற்றிய உரைகள். ராஜா இறந்தார், பிறகு ராணி இறந்தார் என்றால் கதை. துக்கத்தால் ராணி இறந்தார் என்றால் கதைப்பின்னல் என்று எல்லோரும் மேற்கோள் காட்டுவது இதிலிருந்துதான். கதை என்பதே அவருக்குக் கொஞ்சம் தாழ்ந்த சரக்கு. ‘அப்புறம் என்ன?’ என்ற ஆவல்தான் அதன் ஒரே பலம், குகை மனிதர்கள் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து கேட்டதும் அதைத்தான் என்கிறார்.

வாக்கியங்கள் அழகு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அப்புறம் என்ன என்று என் மகளுக்கு ஐம்பது இரவுகளாகத் தெரியும். தெரிந்த கதையைத்தான் அவள் கேட்கிறாள். தெரிந்ததையே மறுபடி கேட்கும் ஆவலுக்கு இந்தப் புத்தகத்தில் இடம் இல்லை.

ஜூன் 13

விளாதிமிர் ப்ராப், 1928. நூறு ரஷ்ய மாயக்கதைகளை எடுத்துப் பிரித்துப் போட்டு, அடிப்படைச் செயல்கள் 31, பாத்திர வகைகள் 7 என்று முடித்துவிட்டார். எல்லாக் கதையிலும் எல்லாச் செயலும் வராது. வருபவை வரிசை மாறாது. நரிக் கதையை இதில் பொருத்த ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினேன். பொருந்தவில்லை. தவறு என்னுடையதுதான்: விலங்குக் கதைகள் அவர் ஆராய்ச்சியிலேயே இல்லை என்பது முதலிலேயே இருக்கிறது. நெய்யரி வேலை.

நிகழ்ச்சிகள் மூன்று முறை வருவதை அவரும் கவனித்திருக்கிறார். ஆனால் கொஞ்ச இடத்தில் முடித்துக்கொண்டு மேலே போய்விடுகிறார். எலும்புக்கூட்டைப் படம் பிடிக்கிறவருக்கு மூச்சு தெரியாதுதான்.

ஜூன் 16

வால்டர் ஓங், ‘ஒராலிட்டி அண்ட் லிட்டரசி’ (1982). நான் தேடியது மூன்றாம் அத்தியாயத்தில் இருந்தது. படிக்கிறவருக்கு விட்டுப்போனால் கண்ணைப் பின்னால் ஓட்டிப் பார்த்துக்கொள்ளலாம். கேட்கிறவருக்குத் திரும்பிப் பார்க்க ஒன்றும் இல்லை. சொன்ன சொல் சொன்னவுடன் போய்விட்டது. அதனால் சொல்பவர் சொன்னதையே மறுபடி சொல்லி இருவரையும் ஒரே இடத்தில் வைத்துக்கொள்கிறார். அடுத்து என்ன சொல்வது என்று யோசிக்கவும் அவருக்கு அது அவகாசம் தருகிறது. சுருக்கமாக, இறுக்கமாக எழுதும் ஆசையெல்லாம் தாளில் பிறந்தது என்கிறார்.

உடனே நன்னூலை எடுத்துப் பார்த்தேன். பத்துக் குற்றங்களின் சூத்திரம் எப்படி முடிகிறது? ‘என்றிவை ஈரைங் குற்றம் நூற்கே.’ நூற்கே! நூலுக்குத்தான். கதைக்கு என்று அவர் சொல்லவே இல்லை. இத்தனை வருடம் கடைசிச் சொல்லை மென்று விழுங்கியிருக்கிறேன்.

இன்னும் இரண்டு பக்கம் தள்ளினால் அதே பவணந்தி மாணவரிடம் சொல்கிறார்: இருமுறை கேட்டால் நூலில் பிழை பெரும்பாலும் இராது, ‘முக்கால் கேட்பின் முறை அறிந்து உரைக்கும்’. நூல் ஒருமுறைதான் சொல்ல வேண்டும். காது மூன்று முறை கேட்க வேண்டும். மூன்றாவது கதவு அங்கேயே இருந்திருக்கிறது.

ஜூன் 20

க. கைலாசபதியின் ‘தமிழ் ஹீரோயிக் போயட்ரி’ (1968). பாரியும் லார்டும் கொடுத்த கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு சங்கப் பாட்டுகளுக்குள் போகிறார். திரும்பத் திரும்ப வரும் தொடர்களை அள்ளி எடுத்து, இவை வாய்மொழி மரபின் பாட்டுகள் என்று வாதிடுகிறார். ஐங்குறுநூற்றைத் திறந்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். முதல் பத்தில் பத்துப் பாட்டும் ‘வாழி ஆதன் வாழி அவினி’ என்றே தொடங்குகின்றன. குறிஞ்சியில் ஒரு பத்து முழுக்க ‘அன்னாய் வாழி வேண்டு அன்னை’.

ஆனால் முழுதாக ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. 12,311 அடிக்குச் செங்கல் அடுக்குகிறவருக்கு அப்படித் தயாராக இருக்கும் தொடர்கள் தேவை. மூன்று அடியில் முடிகிற பாட்டுக்கு அந்த அவசரம் என்ன? அமெரிக்கத் தமிழறிஞர் ஜார்ஜ் ஹார்ட் 1975இல் சொன்னது எனக்கு இன்னும் பொருந்தி வருகிறது: பாணர்கள் வாயால் பாடியதைக் கேட்டு, புலவர்கள் அந்தச் சாயலில் செய்தவை இவை. அப்படியென்றால் அந்தத் திரும்பச் சொல்லல் வேண்டித் தேர்ந்தெடுத்த அழகு. ஒரு பத்தைச் சத்தமாகப் படித்துப் பார்த்தேன். நாலாவது பாட்டில் ‘அன்னாய்’ வரும்போது காது அதற்காகக் காத்திருந்தது.

ஜூன் 22

படிக்கவில்லை. மகளுக்குச் சளி. நரி இரண்டு முறை வந்து போனது.

ஜூன் 25

தொல்காப்பியம், செய்யுளியல். மெய்ப்பாடு எட்டு இருக்கும் இயலைப் படிக்கத்தான் எடுத்தேன், பக்கம் தவறி இங்கே வந்தேன். சில சமயம் நெய்யரிக்கும் நெய் கிடைக்கும்.

உரைநடை நான்கு வகை என்கிறார் தொல்காப்பியர். பாட்டின் நடுவே வைப்பது, பாட்டில்லாமல் எழுவது, ‘பொருள் மரபு இல்லாப் பொய்ம்மொழி’, ‘பொருளொடு புணர்ந்த நகைமொழி’. அடுத்து அதை இரண்டாகப் பிரிக்கிறார்: ‘ஒன்றே மற்றும் செவிலிக்கு உரித்தே, ஒன்றே யார்க்கும் வரைநிலை இன்றே.’ ஒரு பாதி எல்லோருக்கும் பொது. மறுபாதி செவிலிக்கு. வளர்ப்புத் தாய்க்கு! பொய்ம்மொழியும் நகைமொழியும்தான் அவள் பங்கு என்று கொள்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. செய்யுளின் உறுப்புகளை எண்ணிக்கொண்டிருந்தவர், நடுவில் எழுந்து குழந்தை தூங்கும் அறையை எட்டிப் பார்த்துவிட்டு வந்ததுபோல் இருந்தது.

பொய்ம்மொழிக்கு, ‘பேராசிரியர்’ என்றே பெயர் கொண்ட பழைய உரையாசிரியர் தரும் எடுத்துக்காட்டு இன்னும் மேல். ஒரு யானையும் ஒரு குருவியும் நட்பாகி, இன்ன இடத்துக்குப் போய், இன்னது செய்தன என்பதுபோல் வருவது என்கிறார். ஒருவரிடம் இன்னொருவர் கேட்டுக் கற்று வழிவழியாக வருபவை இவை என்றும் சேர்க்கிறார். லார்ட் புத்தகத்தின் கரு ஒரு வரியில். ஆனால் கதை? அதைச் சொல்லவில்லை. இன்ன இடம், இன்ன செயல், அவ்வளவுதான். அவர் காலத்து வாசகருக்குத் தெரிந்திருக்கும் என்று விட்டிருப்பார்.

ஜூன் 26

இரவு விளக்கை அணைத்ததும், நரிக்கு இன்று விடுமுறை என்று சொல்லிவிட்டுத் தொடங்கினேன். ஒரு யானையும் ஒரு குருவியும் சிநேகிதமாக இருந்தன. இரண்டும் ஒருநாள் ஓர் இடத்துக்குப் போயின.

“எந்த இடத்துக்கு?”

“தெரியலை. எழுதினவர் சொல்லாம விட்டுட்டார்.”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன்.

“சரி, முதல்ல ஒரு மலைக்குப் போச்சு. அங்கே யாரும் இல்லை. அப்புறம் இன்னொரு மலைக்குப் போச்சு, அங்கேயும் யாரும் இல்லை. நீ சொல்லும்மா.”

“அப்புறம் இன்னொரு மலைக்குப் போச்சு,” என்றேன்.