சுங்கை சிப்புட்டிலிருந்து மூன்று நடை: வயதான பூனைக்குக் கிட்னி என்று தெரிந்துகொள்ள

14 வயதுப் பூனைக்குக் கிட்னி நோய் என்று உறுதியாக மூன்று நடை ஆனது. ஒரு நடை போதும். மற்ற இரண்டும் ஏன் வீணாயின என்பதைத்தான் விரிவாகச் சொல்கிறேன். சுங்கை சிப்புட் போன்ற மலேசியத் தோட்டத்துப் பட்டணத்திலிருந்து பூனையைக் கூடையில் வைத்து வெயிலில் ஓடுகிறவர்களுக்கு அந்த அலைச்சல் மிச்சமாகட்டும்.

முதல் நடை உள்ளூர் கிளினிக்குக்கு. "வயசாயிடுச்சு, அப்படித்தான் மெலியும்" என்றார்கள். இந்தப் பதில் இன்னும் உறுத்துகிறது. வயது மட்டுமே காரணம் என்று விட்டுவிடக்கூடாது. மெலிந்தால் அதற்குப் பின்னால் கிட்னியோ தைராய்டோ சர்க்கரையோ பல்லோ குடலோ இருக்கலாம். நிறுத்தது பெரிய நாய்களை ஏற்றும் தராசில். அரைக் கிலோ அங்குமிங்கும் ஆடுகிற தராசில் பூனையின் 200 கிராம் எப்படித் தெரியும்? வீட்டில் 5 கிலோ வரை காட்டும் சமையல் தராசின்மேல் பிளாஸ்டிக் பேசினை வைத்து, சுழியம் ஆக்கி, வாரம் ஒரு முறை நிறுத்து நாட்காட்டியிலேயே எழுதுங்கள். 4.2 கிலோ இருந்தது 3.6 ஆனால் 14 விழுக்காடு போய்விட்டது. 60 கிலோ மனிதர் எட்டரைக் கிலோ இழந்ததற்குச் சமம். அந்தத் தாளைக் காட்டிய பிறகு யாரும் "வயசு" என்று சொல்லவில்லை.

வாந்திக்கு முன்பே தண்ணீர்தான் காட்டிக்கொடுக்கும். குழாயடியில் போய் நிற்கும், வாளிக்குள் தலையை விடும், மணல் தட்டில் கட்டிகள் பெரிதாகும். நல்ல பூனை ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 50 மில்லி வரை குடிக்கும். டின் சாப்பாடு தின்றால் அதைவிடக் குறைவு. அளக்கும்போது ஒரு நாள் பூனையை வீட்டுக்குள்ளேயே வையுங்கள், வெளியே விட்டால் லோங்காங்கில் (சாக்கடையில்) குடித்துவிட்டு வரும். 500 மில்லி ஊற்றி, மறுநாள் அதே நேரத்தில் மிச்சத்தை அளக்கவும். பூனைக்கு எட்டாத இடத்தில் அதே அளவுத் தண்ணீரோடு இன்னொரு கிண்ணம் வைத்தால், நம் ஊர் வெக்கையில் ஆவியானது எவ்வளவு என்பதைக் கழித்துக்கொள்ளலாம்.

அந்த முதல் நடையில் நடந்த பெரிய தவறு, ரத்தமும் மூத்திரமும் எடுக்கும் முன்பே டிரிப் ஏற்றியது. டிரிப் ஏறியபின் மூத்திரம் நீர்த்துப்போகும், அதன் அடர்த்தி எதையும் சொல்லாது. கிட்னி வெளியேற்ற வேண்டிய ரத்தக் கழிவான கிரியாட்டினினும் இறங்கிக் காட்டும். பூனை மயங்கிக் கிடந்தால் டிரிப்தான் முதலில், அதில் வாதமில்லை. நடந்து வந்த பூனைக்கு என்றால், "முதல்ல மூத்திரம் எடுத்துடுங்க டாக்டர்" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கிட்னியின் வேலைத்திறனில் மூன்றில் இரண்டு பங்கு போனதும் மூத்திரம் நீர்க்கத் தொடங்குகிறது. கிரியாட்டினின் ஏற நான்கில் மூன்று பங்கு போக வேண்டும். ரத்தம் மட்டும் பார்த்தால் அந்த இடைவெளி கையைவிட்டுப் போகும்.

இரண்டாவது நடை ஈப்போவுக்கு. போகும் வழியிலேயே பூனை பயந்து கூடைக்குள் மூத்திரம் விட்டுவிட்டது. மூத்திரப்பை காலி, ஊசி போட்டு எடுக்க ஒன்றுமில்லை. ரத்தத்தை மட்டும் கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. அடுத்த முறை, உறிஞ்சாத மணல் கிடைக்காததால், மீன் தொட்டிக் கூழாங்கற்களை வெந்நீரில் கழுவிக் காயவைத்து, கழுவிய தட்டில் பரப்பி, காலை மூத்திரத்தை ஊசியில்லாத சிரிஞ்சால் உறிஞ்சி, ஐஸ் பாக்கெட்டோடு எடுத்துப் போனோம். ஆறு மணி நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும். கிருமி வளர்த்துப் பார்ப்பதற்கு இது ஆகாது, மூத்திரப்பையிலிருந்து ஊசியால் எடுத்ததுதான் வேண்டும். அடர்த்திக்கும் புரதத்துக்கும் இது போதும். அடர்த்தியை ரிஃப்ராக்டோமீட்டரில் (ஒளி வளைவதை வைத்து அளக்கும் கருவி) பார்க்கச் சொல்லுங்கள். நிறம் மாறும் பட்டையில் உள்ள அடர்த்திக் கட்டத்தைப் பூனைக்கு நம்பக்கூடாது. 1.035-க்குக் கீழே தொடர்ந்து இருந்தால் கேள்வி கேட்க வேண்டிய நேரம்.

ரிப்போர்ட் கேட்டபோது கவுண்டரில் இருந்தவர், "ரத்தம் கொஞ்சம் கூட, அவ்வளவுதான்" என்று தாளைத் தராமல் அனுப்பப் பார்த்தார். வாங்காமல் நகராதீர்கள். நம் ஊர் ரிப்போர்ட்டில் கிரியாட்டினின் மைக்ரோமோலில் வரும், வெளிநாட்டு அட்டவணைகள் பல மில்லிகிராமில் இருக்கும். 212 என்று பார்த்து அதிர வேண்டாம்: 88.4-ஆல் வகுத்தால் 2.4 மில்லிகிராம். 140 முதல் 250 மைக்ரோமோல் வரை கிட்னி நோயின் இரண்டாம் நிலை, 440 வரை மூன்றாம் நிலை, அதற்குமேல் நான்காம் நிலை. ஒரு தடவை பார்த்த எண்ணை வைத்து நிலையைக் குறிக்கக்கூடாது. உடம்பில் நீர் வற்றாத நேரத்தில் இரண்டு முறை பார்த்த பிறகுதான்.

தைராய்டு ஹார்மோன் டி4-ஐத் தனியாகக் கேளுங்கள், வழக்கமான ரத்தப் பட்டியலில் அது பெரும்பாலும் இருக்காது. நன்றாகத் தின்றும் மெலிகிற பூனைக்கு இது கட்டாயம். தைராய்டு அதிகமானால் கிட்னிக்கு ரத்த ஓட்டம் கூடி, கிரியாட்டினின் நல்லபடி இருப்பதுபோல் மறைத்துவிடும். மாத்திரை கொடுத்துத் தைராய்டு அடங்கியதும் கிட்னி நோய் வெளியே வரும். ரத்த அழுத்தமும் அப்படித்தான், கேட்டால்தான் பார்க்கிறார்கள். மேல் எண் 160-க்குமேல் நீடித்தால் மாத்திரை வேண்டும். விட்டால் திடீரென்று கண் பார்வை போய்விடலாம்.

மூன்றாவது நடையில் எல்லாம் ஒழுங்காக நடந்தது.

வீட்டுப் பராமரிப்பில் சறுக்குவது சாப்பாட்டில். கிட்னிச் சாப்பாட்டை முதல் நாளே முழுக்க மாற்றாதீர்கள். குமட்டல் இருக்கும்போது கொடுத்தால் அதை வாழ்நாள் முழுக்க வெறுத்துவிடும். மூன்று நான்கு வாரம், கால் பங்கு கால் பங்காகக் கலந்து, வெதுவெதுப்பாக வையுங்கள். இரண்டு நாள் ஒன்றும் தின்னாத பூனைக்கு ஈரலில் கொழுப்பு படியும் ஆபத்து உண்டு, எனவே பட்டினிதான் பெரிய எதிரி. நெத்திலியும் தக்காளிச் சாறு சார்டினும் நிறுத்திவிடுங்கள், உப்பும் பாஸ்பரஸும் அதிகம். பாஸ்பரஸைக் கட்டும் தூளைத் தனியாக விழுங்கவைத்துப் பயனில்லை, சாப்பாட்டோடு கலந்தால்தான் வேலை செய்யும். இதைக் கிளினிக்கில் யாரும் சொல்லவில்லை, பாக்கெட்டைப் படித்துத் தெரிந்தது. வலி என்று பனடோல் (பாராசிட்டமால்) கொடுத்துவிடாதீர்கள், ஒரு மாத்திரையே பூனையைக் கொல்லும்.

தோலடியில் டிரிப் போடக் கற்றுக்கொண்டால் பாதி நடை மிச்சம். டாக்டர் சொன்ன அளவு மட்டும். இந்தப் பூனைக்கு வாரம் மூன்று முறை 100 மில்லி ஹார்ட்மன் என்ற உப்புக் கரைசல். பையில் எழுதியிருப்பதைப் படித்துத்தான் எடுங்கள், டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரை நீர்) பை தோலடிக்கு ஆகாது. பையை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து உடல் சூட்டுக்குக் கொண்டுவந்தால் பூனை உதறாது. ஊசி 18 அல்லது 20 கேஜ் (பருமன் எண்), ஒவ்வொரு முறையும் புதிது; அதைவிட மெல்லியதில் இறங்கவே நேரமாகும், பூனை பொறுக்காது. தோளருகே வீங்கிய கட்டி மெல்லக் கால் பக்கம் இறங்கிச் சில மணி நேரத்தில் கரையும். தூங்கும்போது மூச்சு நிமிடத்துக்கு 30-ஐத் தாண்டினால் டிரிப்பை நிறுத்திவிட்டு உடனே போன் செய்யுங்கள், நீர் நெஞ்சுக்குள் சேர்கிறது என்று பொருளாகலாம்.

ஐந்து வாரமாக நாட்காட்டியில் எடை 3.6, 3.6, 3.7, 3.7, 3.7.