கிள்ளினால்தான் பூக்கும் ஸ்வீட் பீ

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், இது சாப்பிடுகிற பட்டாணி இல்லை. ஸ்வீட் பீ பூவுக்காகவும் வாசனைக்காகவும் மட்டுமே வளர்க்கிற கொடி. அதன் விதை நச்சு. காயோ பார்ப்பதற்குப் பிஞ்சுப் பட்டாணி மாதிரியே, மேலே மெல்லிய ரோமத்தோடு தொங்கும், அதனால் வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் கவனமாக இருங்கள்.

நாலு வருடமாக இதை வளர்க்கிறேன். முதல் இரண்டு வருடமும் ஒற்றைத் தண்டு மட்டும் நெடுநெடுவென்று உயர்ந்து, உச்சியில் நாலைந்து பூ பூத்து, வெயில் ஏறியதும் கீழிருந்து மஞ்சளடித்துக் காய்ந்துபோனது. உரம் போதவில்லை போலிருக்கிறது என்று நினைத்து இன்னும் கொஞ்சம் போட்டேன், அப்போதும் இலைதான் வந்தது. விதைத்த நேரம் தப்பு, கிள்ள வேண்டிய இடத்தில் கிள்ளாமல் விட்டது அதைவிடப் பெரிய தப்பு என்று பிறகுதான் புரிந்தது.

இதன் பூர்வீகம் சிசிலித் தீவும் அதை ஒட்டிய தென் இத்தாலியும். பிரான்செஸ்கோ குபானி என்ற துறவி 1699இல் சிசிலியிலிருந்து இங்கிலாந்துக்கு விதை அனுப்பினார், இன்று நாம் வளர்க்கும் ரகங்களின் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. அந்தத் தீவில் இது மழையோடு முளைத்து, மிதமான குளிரில் வேர்விட்டு, இளவேனிலில் பூத்து, கடும் கோடை வருமுன் விதையாகிவிடும். நம் தோட்டத்திலும் அதே கணக்குதான். குளிர் மிதமாக இருக்கும் இடமென்றால் கோடை முடிந்து காற்று தணிந்ததும் விதைக்கலாம், உறைபனி கடுமையாக இருக்கும் இடமென்றால் குளிர்காலக் கடைசியில் வீட்டுக்குள்ளேயே தொட்டியில் நாற்றுவிட்டு வைத்துக்கொள்ளலாம். கோடை சீக்கிரம் வந்துவிடும் இடங்களில் பகல் குறைவாக இருக்கும்போதே பூக்கும் ரகங்களைக் கேட்டு வாங்குங்கள், மற்றவை மொட்டு வைப்பதற்குள் வெயில் முந்திக்கொள்ளும்.

விதை மிளகைவிடக் கொஞ்சம் பெரிதாக, உருண்டையாக, கல் மாதிரி இருக்கும். இரவு தண்ணீரில் போட்டால் காலையில் பாதி விதைகள் ஊதி மினுமினுப்பாக இருக்கும், மீதி போட்டபடியே கிடக்கும். அந்தப் பிடிவாதக்கார விதைகளை எடுத்து, கண் (விதை காயோடு ஒட்டியிருந்த தழும்பு) இருக்கும் பக்கத்தை விட்டுவிட்டு எதிர்ப்பக்கத்தில் நகவெட்டியால் தோலை மட்டும் லேசாகக் கீறி, உள்ளே வெளிறிய நிறம் ஒரு புள்ளி தெரிந்ததும் நிறுத்திவிட்டு, மறுபடி சில மணி நேரம் ஊறவிட்டால் அவையும் ஊதிவிடும். ஒரு நாளுக்கு மேல் ஊறவைக்க வேண்டாம், அழுகும். விரல் கணு ஆழத்தில் ஊன்றினால் பத்துப் பதினைந்து நாளில் முளைக்கும். எலிக்கு இந்த விதை ரொம்பப் பிடிக்கும், அதனால் முளைக்கும்வரை தொட்டியை மூடி வையுங்கள். தொட்டி அகலமாக இருப்பதைவிட ஆழமாக இருப்பது முக்கியம், வேர் நேராகக் கீழே இறங்கும் ஜாதி இது.

அப்புறம் கிள்ளுவது. இரண்டு மூன்று ஜோடி இலை வந்ததும் நுனியைக் கிள்ளிவிட வேண்டும். ஆசையாக வளர்ந்து வரும் குருத்தைக் கிள்ள எனக்கு மனசே வரவில்லை, முதல் இரண்டு வருடம் விட்டுவிட்டேன். மூன்றாவது வருடம் பாதிச் செடிகளை மட்டும் கிள்ளிப் பார்த்தேன். ஒரு வாரம் ஒன்றும் நடக்காத மாதிரி இருந்தது, பிறகு இலைக் கணுவிலிருந்து பக்கக் கிளைகள் வந்தன, முதல் தண்டைவிடத் தடிமனாக. கிள்ளாத செடிகளும் கிள்ளிய செடிகளும் பக்கத்துப் பக்கத்தில் நின்றதால் யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நடும் குழியில் நன்றாக மக்கிய உரம் போதும். பட்டாணிக் குடும்பமாதலால் தனக்கு வேண்டிய தழைச்சத்தை (நைட்ரஜனை) வேர் முடிச்சுகள் மூலம் தானே சேர்த்துக்கொள்ளும், நாமும் கொடுத்தால் இலைதான் பெருகும். மொட்டு தெரியும் நேரத்தில் சாம்பல்சத்து (பொட்டாசியம்) உள்ள உரம் கொஞ்சம் கொடுக்கலாம். தலைக்கு வெயில், காலுக்குக் குளிர்ச்சி, அதுதான் இதற்குப் பிடிக்கும். வேர்ப்பகுதியில் காய்ந்த இலையை மூடாக்காகப் போட்டு, தண்ணீரை ஆழமாக இறங்கும்படி ஊற்றுங்கள். மொட்டு மஞ்சளாகி உதிர்ந்தால் பயப்பட வேண்டாம், இரவு பகல் வெப்பம் திடீரென்று மாறினால் அப்படி ஆகும், வானிலை நிதானமானதும் நின்றுவிடும்.

ஆறடி உயரத்துக்குக் கயிறோ வலையோ கட்டுங்கள். இலை நுனியில் இருக்கும் பற்றுக்கம்பி மெல்லியது, தடித்த மூங்கிலைச் சுற்றிப் பிடிக்க அதற்கு முடியாது, சணல் கயிறு என்றால் சுருண்டு பிடித்துக்கொண்டு மேலே போய்விடும். சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சியான அசுவினி வந்தால் நான் விரலாலேயே தடவி எடுத்துவிட்டுத் தண்ணீர் பீய்ச்சுவேன்.

பூக்கத் தொடங்கியதும் இரண்டு நாளுக்கு ஒருமுறை பறித்தே ஆகவேண்டும். செடியிலேயே இருக்கட்டும் என்று விட்டால் காய் பிடிக்கும், காய் பிடித்தால் தன் வேலை முடிந்தது என்று செடி பூப்பதை நிறுத்திவிடும். நீளக் காம்போடு பறித்து ஒரு டம்ளர் தண்ணீரில் வையுங்கள், நாலைந்து நாள் அறை முழுக்க மணக்கும். வாசனைதான் வேண்டுமென்றால் பழைய ரகங்களைத் தேடுங்கள். அலையலையான பெரிய இதழ் உள்ளவை அழகுதான், ஆனால் குபானியின் பெயரிலேயே கிடைக்கிற, அடர் ஊதாவும் கருஞ்சிவப்பும் கலந்த அந்தச் சின்னப் பூவின் வாசனையை நான் வேறு எதிலும் பார்த்ததில்லை.

வெயில் கடுமையாகும் சமயத்தில் நன்றாகப் பூத்த ஒரு கொடியை மட்டும் பறிக்காமல் விட்டுவிடுவேன். பூ விரிவதற்கு முன்பே தன்மகரந்தச் சேர்க்கை பெரும்பாலும் முடிந்துவிடுவதால் விதை தாய்ச்செடி மாதிரியே வரும். காய் பழுப்பேறியதும் பறித்துக் காகித உறையில் போட்டு வைத்துவிட வேண்டும், ஒரு நாள் தாமதித்தாலும் கொடியிலேயே முறுக்கிக்கொண்டு வெடித்து விதையைத் தூர வீசிவிடும். இப்போது என் அலமாரியில் அப்படி ஒரு உறை இருக்கிறது. மதியம் வெயில் ஏறினால் உள்ளே சடக் சடக் என்று சத்தம் கேட்கிறது.